வேணாம் சொல்லும் வெற்றிலைப் பெட்டி

ரவிக்கு,

நீ அனுப்பிய மரத் திருகு வந்து சேர்ந்தது. தோட்டத்து ஆபீசில் பார்சலை வாங்கிக்கொண்டு உன் தங்கச்சி மஞ்சு ஏறி வந்தாள். வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, நீ சுற்றியிருந்த பேப்பரைக் கிழிக்காமல் பிரித்தேன். நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். பலா மரத்தைக் கடைந்து, பல் படுகிற இடத்தில் ரப்பர் ஒட்டி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து, திருகினால் டிக் என்று சத்தம் வருகிற மாதிரிச் செய்திருக்கிறாய். கூடவே என் கண்ணுக்குத் தெரிகிற பெரிய எழுத்தில் ஒரு தாள். காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று, வலித்தால் நிறுத்து, ஒரு மாதத்தில் வாய் பழையபடி திறக்கும் என்று எழுதியிருந்தாய். மஞ்சு அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "லொறி ஜாக்கி மாதிரியே இருக்கும்மா. ஒன் வாயத் தூக்கி நிறுத்தி டயர் மாத்தப் போறானா?" என்று கேட்டாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். சிரிக்கிற அளவுக்கு வாய் விரியவில்லை.

கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. வாய் திறக்கவில்லை என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். மிச்சத்தைச் சொல்ல வேண்டாம் என்று மஞ்சுவிடம் நான்தான் சொன்னேன். இப்போது நானே சொல்கிறேன். வருகிற மாதம் இரண்டாவது புதன்கிழமை பதுளை ஆஸ்பத்திரியில் என் இடது கன்னத்துக்குள் ஒரு துண்டை வெட்டி எடுத்துப் பார்க்கப் போகிறார்கள். அது என்னவென்று பார்த்த பிறகுதான் தெரியும் என்கிறார்கள். என்னவாக இருக்கலாம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நம் லயத்து வரிசை வீடுகளில் வெற்றிலை போட்டு வாய் அழுகிச் செத்தவர்களை நீயும் பார்த்திருக்கிறாய். இந்தக் கடிதத்தின் உறையை ஒட்டாமல் அனுப்புகிறேன். ஆபீசில் இருக்கிறவர்கள் படிக்கட்டும், பக்கத்துக் காம்பரா வீட்டுப் பாக்கியம் படித்தாலும் படிக்கட்டும். பிள்ளைகளைக் கொழும்புக்கும் கட்டாருக்கும் அனுப்பிவிட்டு இருக்கிற அம்மாக்கள் இந்த மலையில் நிறையப் பேர். நான் செய்த பிழையை அவர்களும் செய்துகொண்டுதான் இருப்பார்கள்.

உனக்கு ஒரு தொல்லை கண்ணில் பட்டால் அதற்கு ஒரு பொருள் செய்யாமல் கை நிற்காது. பத்து வயதிலேயே அப்படித்தான். மழைக்காலத்தில் நான் கொழுந்தெடுத்துவிட்டு வரும்போது காலெல்லாம் அட்டை கடித்து ரத்தமாக வருவேன். ஒரு நாள் பழைய சைக்கிள் டியூபை வெட்டி, உள்ளே சவுக்காரத்தை நறுக்கி அடைத்து, ஊசியால் ஓட்டை போட்டு, கொலுசு மாதிரி என் இரண்டு காலிலும் மாட்டிவிட்டாய். நடக்க நடக்க சவுக்காரம் கசியும், அட்டை ஏறாது என்றாய். உண்மையாகவே ஏறவில்லை. ஆனால் மழை வலுத்ததும் கால் முழுக்க நுரை. சரிவில் வழுக்கி, கூடையோடு எட்டுத் தேயிலை நிரை கீழே போய் விழுந்தேன். "என்னா அக்கா, மலையைத் துவைக்கிறியா?" என்று ஒருத்தி கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததை விட்டுவிட்டேன். மேட்டில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த கணக்கப்பிள்ளையை விடவில்லை. அவர் செத்து ஆறு வருடம் ஆகிறது. சாவு வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தார்கள், குடிக்கவில்லை.

அதற்கு அடுத்த வருடம் தண்ணீர்ப் பீலிக்கு மணி செய்தாய். ஒரு குழாய்க்கு இருபத்தைந்து குடும்பம், வாளி நிறையும் வரை காவல் நிற்க வேண்டும், அடுப்பில் சோறு கரியும். நீ வாளிக்குள் ஒரு சிரட்டையை மிதக்கவிட்டு, அதில் ஒரு நூலைக் கட்டி, நூலின் மறுமுனையில் சைக்கிள் மணியைப் பூட்டினாய். வாளி நிறைந்தால் சிரட்டை மேலே வரும், மணி அடிக்கும், நான் காம்பராவிலிருந்து ஓடி வந்தால் போதும். நான்கு நாள் சொர்க்கம் மாதிரி இருந்தது. ஐந்தாம் நாள் மணி அடித்தது, ஓடினேன், வாளியில் பாதித் தண்ணீர்தான். பக்கத்தில் பாக்கியம் தன் குடத்தோடு நிற்கிறாள், விரல் இன்னும் மணியில் இருக்கிறது. "ஒன் மணி அடிச்சிருச்சுல்ல, தூக்கு" என்றாள். அன்றைக்கு அவளோடு பேச்சை நிறுத்தினேன். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். இருபது வருடத்துக்கு மேல் அவள் இருமுவதைக் கேட்டிருக்கிறேன், ஒரு வார்த்தை கேட்டதில்லை.

உங்கப்பாவின் கோப்பையையும் சொல்லிவிடுகிறேன். உனக்குப் பன்னிரண்டு வயது. வேலை முடிந்து வந்ததும் எனாமல் கோப்பை நிறையச் சாராயம் ஊற்றிக் குடித்துவிட்டுத்தான் அவர் காலைக் கழுவுவார். நீ கோயில் மதிலுக்குக் குழைத்த சிமெந்தில் ஒரு கைப்பிடி எடுத்து வந்து, கோப்பைக்குள் அடியிலிருந்து பாதி வரை பூசிக் காயவைத்து, மேலே வெள்ளைப் பெயின்ட் அடித்து வைத்தாய். அவர் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னா புள்ள, கோப்பை கனக்குது?" என்றார். "கையில பலம் போயிருச்சு, அதான்" என்றேன். "அப்போ ரெண்டு கோப்பை குடிச்சாத்தான் பலம் வரும்" என்று அவர் இரண்டாக்கிக்கொண்டார். நீ அடுப்புக்குப் பின்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டாய். ஒரு வாரம் கழித்து அவர் கோப்பையை என்னிடம் சாய்த்துக் காட்டி, "ஒன் மவன் என் கோப்பைக்குத் தளம் போட்டிருக்கான், பாத்தியா. மட்டம் புடிச்ச மாதிரி இருக்கு" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். உன்னை ஒரு அடி அடிக்கவில்லை. கோப்பையை மாற்றவும் இல்லை, குடியைக் குறைக்கவும் இல்லை. ஏன் குடிக்கிறீங்க என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு அதைக் கேட்கப் பயம்.

உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, அப்படி ஆக்கினவள் நான்தான். நீ ஆறாம் வகுப்பில் வாத்தியாரிடம் அடி வாங்கி, அழுதுகொண்டே மலைக்கு ஓடி வந்தது நினைவிருக்கிறதா? நான் கொழுந்து நிறுக்கிற வரிசையில் நின்றேன். கங்காணி பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க வந்து அழுவாத, எல்லாரும் பாக்குறாங்க, போ வீட்டுக்கு" என்று விரட்டினேன். உன் காது மடலில் ரத்தம் காய்ந்திருந்தது, எனக்கு இன்றைக்கும் எந்தக் காது என்று தெரியும். ஆனால் சவுக்கார டியூபைச் செய்து கொண்டுவந்த அன்றைக்கு உன்னைத் தூக்கி முத்தம் கொடுத்து, ஏழு காம்பராவுக்கும் கொண்டுபோய்க் காட்டினேன். அழுதுகொண்டு வந்தால் அம்மா விரட்டுவாள், ஒரு பொருளோடு வந்தால் அம்மா தூக்குவாள் என்று நீ கற்றுக்கொண்டாய். இன்றைக்கும் நீ பொருளோடுதான் வருகிறாய். இப்போதெல்லாம் பொருள் மட்டும் வருகிறது.

உங்கப்பா படுத்த படுக்கையாக இருந்த எட்டு நாளுக்கு வருகிறேன். இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். மூன்றாம் நாள் கட்டாரிலிருந்து நீ பேசினாய். "நான் வரட்டாம்மா?" என்று கேட்டாய். நான், "வேணாம் தம்பி, நீ வேலையப் பாரு. இங்க நாங்க பாத்துக்கிறோம்" என்றேன். நீ "சரிம்மா" என்றாய்.

நம் லயத்தில் வேணாம் என்ற சொல்லை எப்படிச் சொல்வார்கள் என்று உனக்குத் தெரியாதா? ஒரு வீட்டுக்குப் போகிறோம், டீ குடிக்கிறீங்களா என்கிறார்கள். வேணாங்க என்கிறோம். முதல் வேணாம் மரியாதைக்கு. இரண்டாவது வேணாம், அந்த வீட்டில் சீனி இருக்கிறதோ இல்லையோ என்ற கவலையில். மூன்றாவது வேணாம் சொல்லும்போதே கை கோப்பையை வாங்கியிருக்கும். முதல் வேணாமைக் கேட்டு அடுப்பை அணைத்துவிட்டவள் என்று ஒருத்தியை நம் லயத்தில் பத்து வருடம் பழித்தார்கள். அன்றைக்கு நீ இன்னொரு தடவை கேட்டிருந்தால், இல்லம்மா வர்றேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், நான் போனைக் கீழே வைத்துவிட்டு உங்கப்பாவிடம் ஓடியிருப்பேன். நீ சரிம்மா என்றாய். நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன், நீ அந்தப் பதிலை நம்பினாய். அதில் உன் பிழை எங்கே இருக்கிறது என்று ஒன்பது வருடமாகத் தேடுகிறேன். கிடைக்காவிட்டாலும் கோபத்தை விடவில்லை. கடைசி இரண்டு நாள், கதவுச் சத்தம் கேட்டாலே அவர் "தம்பியா?" என்பார். மஞ்சு "நான்தாம்ப்பா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருவாள்.

முப்பதாம் நாள் சாமி கும்பிட்ட பிறகு உன் பார்சல் வந்தது. வெயிலில் தானாகச் சார்ஜ் ஏறி, இருட்டினால் தானாக எரிகிற விளக்கு, அப்பா குழி மேல் வைக்கச் சொல்லியிருந்தாய். தேயிலைக்கு நடுவே இருக்கிற அந்தக் குழியில் நானே கொண்டுபோய் நட்டேன். மறுநாள் பனி மூடி நேரத்தோடேயே இருட்டிவிட, மேல் மலையிலிருந்து இறங்கி வந்த பெண்கள் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். முனி இறங்கிவிட்டது என்று ஒருத்தி சேவல் நேர்ந்துகொண்டாள். மறுநாள் விஷயம் தெரிந்ததும், "குடிச்சிட்டு வழி தெரியாம வர்ற மனுசன், அவருக்கு வெளிச்சம் வேணும்னு மவன் அனுப்பியிருக்கான்" என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மண் அள்ளிப் போட வேண்டிய கைக்குப் பதிலாக விளக்கு வந்திருக்கிறது என்று நினைத்தேன். அந்த ஆத்திரத்தில்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

மஞ்சு கேட்டாள், அண்ணன் ஏன் வரவில்லை என்று. நான் வேணாம் என்றதைச் சொல்லவில்லை. "கூப்பிட்டேன். வர முடியாதுன்னுட்டான்" என்றேன். ஒரே ஒரு வரி. அவள் அதை ஒன்பது வருடம் வைத்திருந்தாள். நீ தீபாவளிக்கு வரும்போது அவள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் மாமியார் வீட்டில் வேலை இருக்கிறது என்று வராமல் இருப்பாள், அவள் வரும்போது நீ போயிருப்பாய். தங்கச்சிக்கு என்னம்மா கோபம் என்று நீ கேட்ட ஒவ்வொரு தடவையும், "அவ அப்படித்தான்" என்றேன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் பேசாமல் இருந்ததற்குக் காரணம் நான். பாக்கியத்திடம் வைத்த கோபமாவது எனக்குச் சொந்தமானது. மஞ்சுவின் கோபத்தை நான் பொய் சொல்லி உண்டாக்கினேன்.

கட்டாரிலிருந்து வந்து கொழும்பில் லிப்ட் பழுது பார்க்கிற வேலையில் சேர்ந்த பிறகு, என் ஒவ்வொரு கெட்ட பழக்கத்துக்கும் ஒரு பொருள் வரத் தொடங்கியது. சாவியைத் தொலைக்கிறேன் என்று, கை தட்டினால் கீச் கீச் என்று கூவுகிற சாவிக்கொத்து அனுப்பினாய். அதை இடுப்பில் செருகிக்கொண்டு பஜனைக்குப் போனேன். எல்லோரும் கை தட்டிப் பாட, என் இடுப்பு கூவுகிறது. பூசாரி பாட்டை நிறுத்தி, "யாரு கோழிக்குஞ்சு கொண்டாந்தது?" என்று கேட்டார். அடுப்பில் பாலை மறந்துவிடுகிறேன் என்று விசில் அடிக்கிற மூடி, மூக்குக் கண்ணாடியைத் தேடுகிறேன் என்று அதற்கு ஒரு கயிறும் அதன் நுனியில் ஒரு காந்தமும். கடைசியாகப் போன தைப்பொங்கலுக்கு வெற்றிலைப் பெட்டி.

அந்தப் பெட்டியைப் பற்றி நான் உன்னிடம் சொன்னதெல்லாம் பொய். ஒரு நாளைக்கு மூன்று தடவை மட்டும் அது திறக்கும், காலை டீக்குப் பிறகு, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு, சாயந்தரம். வேறு நேரத்தில் மூடியைத் தூக்கினால் உன் குரல் வரும். "இப்ப வேணாம்மா. கொஞ்சம் பொறுத்துக்க." உனக்கு அன்றைக்குச் சளி பிடித்திருக்கிறது, மூக்கால் பேசுகிறாய். உன் குரலுக்குப் பின்னால், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற உன் மகளின் சத்தமும் கேட்கிறது. முதல் நாள் தெரியாமல் தூக்கினேன். இரண்டாம் நாள் தெரிந்தே தூக்கினேன். சரியான நேரத்தில் தூக்கினால் பெட்டி பேசாமல் திறந்துகொள்ளும். அதனால் சரியான நேரத்தில் நான் அதன் பக்கமே போகவில்லை. பத்து மணிக்குத் தூக்குவேன், இப்ப வேணாம்மா. பதினொன்றுக்குத் தூக்குவேன், கொஞ்சம் பொறுத்துக்க. "பொறுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று பதில் சொல்வேன். பேத்தி சிரிப்பாள். உள்ளே இருந்த வெற்றிலை சருகாகிப் போனது.

ஆனால் வாய் சும்மா இருக்குமா? ஐம்பது வருடப் பழக்கம். பெட்டியோடு பேசிவிட்டு எழுந்தால் நாக்கு நமநமக்கும். கடைக்கு இறங்கி ஏற முழங்கால் விடாது. பாக்கியத்தின் வாசலில் போய் நின்றேன். அவள் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "என்னா அக்கா, இருவது வருசமா இல்லாத ஒறவு வெத்தலைக்கு வந்திருச்சா?" என்றாள்.

"குடுக்கிறதுன்னா குடு. பேசாத" என்றேன்.

"நல்லா இருக்கே. ஒங்க மவன் பொட்டி பேசிக்கிட்டே குடுக்காம இருக்கு. நான் பேசிக்கிட்டே குடுக்கிறேன். எது நல்லது?" என்று சொல்லிக்கொண்டே மடித்துக் கொடுத்தாள். புகையிலையைக் கொஞ்சம் கூடவே வைத்தாள், எனக்கு எவ்வளவு வேண்டும் என்று அவளுக்கு நினைவிருந்தது. அன்றிலிருந்து பழையதை விட அதிகமாகவே போட்டேன். நீ போனில் கேட்பாய், எத்தனை வாய் போடுறம்மா என்று. "மூணுதான் தம்பி, ஒன் பொட்டி விட்டாத்தானே" என்பேன். உனக்குச் சந்தோஷமாக இருக்கும். அந்தச் சந்தோஷத்தில் நீ இரண்டு நிமிடம் கூடப் பேசுவாய்.

சித்திரைக்குப் பிறகு மிளகாய் பட்டால் கன்னம் தீயாக எரிந்தது. ரொட்டியைச் சுருட்டி வாயில் வைக்க முடியவில்லை, கிள்ளிக் கிள்ளிச் சொருகினேன். மஞ்சு அதைப் பார்த்துவிட்டாள். அடுத்த நாளே பதுளைக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் சின்னப் பிள்ளை, சிங்களப் பிள்ளை, தமிழைத் தேடித் தேடிப் பேசினாள். மஞ்சு வேறு ஒரு வரிசையில் மருந்துச் சீட்டோடு நின்றாள், நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். டாக்டர் என் வாய்க்குள் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "மூணு விரல் போகணும் அம்மா. ஒங்களுக்கு ரெண்டுதான் போகுது. கன்னம் உள்ளே வெள்ளையா இருக்கு. கொஞ்சம் வெட்டி டெஸ்ட் பண்ணணும். பண்ணலாமா?" என்றாள்.

"வேணாங்க" என்றேன்.

"வேணாமா அம்மா? செஞ்சா நல்லது."

"வேணாங்க டாக்டரம்மா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன். இன்னொரு தடவை கேட்பாள், அப்போது சரி என்று சொல்லிவிடலாம் என்று சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் "ஹரி அம்மா" என்றாள். சரி என்று அர்த்தம். என் ஆஸ்பத்திரிக் கொப்பியில் ஏதோ எழுதினாள், மனம் மாறினால் உடனே வாங்க, இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் வாங்க என்று சொல்லி, எழுந்து என் கையைப் பிடித்து வாசல் வரை விட்டாள். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். அந்தப் பிள்ளை மேல் கோபப்படவும் முயற்சி செய்தேன், முடியவில்லை. அவள் இரண்டு தடவை கேட்டாள். நம் ஆட்களுக்கு மூன்று தடவை கேட்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பஸ்ஸில் மஞ்சு, "டாக்டர் என்னா சொன்னாங்க?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்லையாம். மூணு மாசம் கழிச்சு வரட்டாம்" என்றேன்.

மூன்று மாதம் போய்விட்டது. வெள்ளை இருந்த இடத்தில் இப்போது மிளகு அளவு கட்டி, தொட்டால் ரத்தம். போன வாரம் மஞ்சு கொப்பியில் இருந்த இங்கிலீஷைப் படிக்கச் சொல்லித் தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சரிடம் காட்டியிருக்கிறாள். வெட்டிப் பார்க்க நோயாளி சம்மதிக்கவில்லை என்று எழுதியிருக்கிறதாம். ஏறி வந்து என் முன்னால் நின்றாள்.

"நீ வேணாம்னு சொன்னியாம்மா?"

"சொன்னேன்."

"ஏம்மா?"

"அவ திரும்பக் கேப்பான்னு நெனச்சேன்."

மஞ்சு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் உங்கப்பா விஷயத்தையும் சொல்லிவிட்டேன். அண்ணன் வரட்டுமா என்று கேட்டான், நான்தான் வேணாம் என்றேன், உன்னிடம் மாற்றிச் சொன்னேன் என்றேன். அவள் எழுந்து போய்ச் சட்டியைக் கழுவினாள். கழுவின சட்டியையே திரும்பக் கழுவினாள். பிறகு, "ஒம்பது வருசம்மா" என்றாள். அன்றைக்குத்தான் அவள் உனக்கு மெசேஜ் அனுப்பினாள். அம்மாவுக்கு வாய் திறக்கவில்லை என்று. தங்கச்சியிடமிருந்து அத்தனை வருடத்துக்குப் பிறகு வந்த முதல் மெசேஜ் அது. நீ அதைப் படித்துவிட்டுப் பலா மரத்தைத் தேடப் போயிருக்கிறாய்.

உன் திருகை நான் வாயில் வைக்கவில்லை. டாக்டரிடம் காட்டிக் கேட்ட பிறகுதான் வைப்பேன், அந்த அளவு புத்தி எனக்கும் உண்டு. மஞ்சு பதுளைக்குப் போய்ப் புதன்கிழமைக்குத் தேதி வாங்கி வந்தாள், வெற்றிலையைப் பிடுங்கி அடுப்பில் போட்டுவிட்டாள், பாக்கியத்திடமும் போய்ச் சத்தம் போட்டிருக்கிறாள். பாக்கியம் தன் பாக்குவெட்டியையும் மஞ்சு கையிலேயே கொடுத்துவிட்டாளாம். ஆறு நாளாக இரண்டு பேரும் சுவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து கொத்தமல்லியை மென்றுகொண்டிருக்கிறோம். அவளுக்கும் என்னை விட மோசமாகத்தான் தலை வலிக்கிறது, சுவரைத் தட்டிச் சொன்னாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது ரவி. கத்திக்குப் பயம், அவர்கள் கண்டுபிடிக்கப் போவதற்குப் பயம், ஆனால் அதற்கெல்லாம் முன்னால் என் வாய்க்குத்தான் பயம். புதன்கிழமை அந்தப் பிள்ளை மறுபடியும் பண்ணலாமா அம்மா என்று கேட்பாள். இந்த வாய் தானாகவே வேணாங்க என்று சொல்லிவிடும். மஞ்சு பக்கத்தில் இருந்தாலும், நான் முகத்தைச் சுருக்கினால் அவள் அடங்கிப்போவாள், சின்ன வயதிலிருந்தே அப்படி வளர்த்துவிட்டேன். நீ அடங்கமாட்டாய். அப்பாவின் கோப்பைக்குள் சிமெந்து பூசினவன் நீ. என் பக்கத்தில் நின்று, அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க டாக்டர், நீங்க பண்ணுங்க என்று சொல்ல எனக்கு ஒரு ஆள் வேண்டும். இதைப் படிக்கும்போதே, சம்மதம் சொல்ல வைக்க ஒரு பொருள் செய்யலாமா என்று உன் மூளை ஓடத் தொடங்கியிருக்கும், எனக்குத் தெரியும். பொத்தானை அமத்தினால் சரிங்க டாக்டர் என்று என் குரலில் சொல்கிற மாதிரி ஒன்று. செய்யாதே.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பதுளை பஸ் ஸ்டாண்டில் மஞ்சு நிற்பாள். எந்த பஸ் என்று அவளுக்கு மெசேஜ் போடு, எனக்குப் போடாதே. அவளிடம் முதலில் நீ பேசு, அவளுக்கு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. இந்தக் கடிதம் கிடைத்ததும் உனக்குப் போனை எடுக்கத் தோன்றும். எடுக்காதே. நான் வரட்டாம்மா என்று நீ கேட்டால், நான் என்ன சொல்லுவேன் என்று உனக்குத் தெரியும். என்னிடம் கேட்காமல் பஸ் ஏறு.

அம்மா